நாலு பெட்டியில் ஒரு மத்தியானம்

பந்தல்குடி ரோட்டில் மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கோடவுனுக்குள் ஏ.சி. போட்டு, ‘கழுகுக்கண் சர்வே’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் எனக்குப் பல் தந்தியடித்தது.

“அக்கா, அருப்புக்கோட்டையில இப்படி ஒரு குளிரு இருக்குன்னு தெரிஞ்சா ஊட்டிக்கு யாரு போவா?”

“வாயை மூடு பாண்டி, குளிரு உள்ள போயிரும்” என்றார் மாரிக்கனி அக்கா.

நான் பால்பாண்டி. அக்கா துப்பறிகிறார். நான் வண்டி ஓட்டுகிறேன், கூடவே வாயையும் ஓட்டுகிறேன். அக்கா போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஆபீஸ் போட்டவர். பெரும்பாலும் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கும் வேலைதான் வரும். அதில் சிரிக்க நிறைய இருக்கும். இந்தக் கேஸில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் காலையிலிருந்து அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

கேஸ் இதுதான். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆடு வளர்க்கும் சந்தனம்மாளுக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. டவுனில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். போன மாதம் ஒருநாள் ஆடு மேய்க்கப் போனவள், கண்மாய்க்குள் யாரோ சவுடு மண் அள்ளிவிட்டு மூடாமல் விட்ட பள்ளத்தில் பிணமாக மிதந்தாள். கோடைமழை பெய்து பள்ளம் நிறைந்திருந்தது. பார்த்தவர் யாருமில்லை. தானே குதித்துச் செத்தாள் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. ஊரும் அதையே சொன்னது. காரணம், அன்று காலையில் சந்தனம்மாள் தெருக்குழாயில் பத்துப் பேர் கேட்க மகளை ஏசியிருந்தாள். “நீ இருந்து எனக்கு என்னடி பிரயோசனம், எங்கிட்டாச்சும் போய்த் தொலை” என்று சொல்லியிருந்தாள்.

அந்த அம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“எஞ்சொல்லுதான் எம்புள்ளைய முழுங்குச்சான்னு மட்டும் தெரிஞ்சு சொல்லு தாயி. ஆமான்னாலும் சொல்லிரு. தெரியாமத்தான் இருக்க முடியல.”

விசாரித்ததில் ஒரே ஒரு நூல் கிடைத்தது. அன்று மத்தியானம் அந்தக் கண்மாய்க்கு மேலே ட்ரோன் ஒன்று பறந்திருக்கிறது. கண்மாய்களை ஆகாயத்திலிருந்து படம் பிடித்து ஆழம் கணக்கிடும் கம்பெனி, இந்தக் கழுகுக்கண். அன்றைய வீடியோ கிடைத்தால் போதும் என்றுதான் வந்திருந்தோம்.

மேனேஜர் நாகராஜ் கையை விரித்தார்.

“வீடியோ போச்சுங்க. எல்லாமே போச்சு. வாங்க, நீங்களே பாருங்க.”

கண்ணாடி அறைக்குள் ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று. அதில் மேலிருந்து கீழாக நாலு கறுப்புப் பெட்டிகள். மேல் மூன்றிலும் பச்சை விளக்கு மினுக்கியது. அடியில் இருந்த நாலாவது மட்டும் செத்துக் கிடந்தது.

“எங்க வீடியோவெல்லாம் யானை மாதிரி. அதனால ஒவ்வொண்ணையும் துண்டு துண்டா வெட்டி நாலு பெட்டியிலயும் போட்டு வெப்போம். ஏ.சி. தண்ணி ஒழுகி நாலாவது பெட்டி காலி. ஒண்ணு போனா எல்லாம் போன மாதிரிதான். எந்த வீடியோவத் தொறந்தாலும் அப்படியே நின்னுருது. ட்ரோன்ல இருக்கிற கார்டையும் அன்னன்னைக்கே அழிச்சிருவோம். இதைப் பாத்துக்கத்தான் முருகலட்சுமின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. ஏ.சி. ஒழுகுறதைக்கூடக் கவனிக்கல. வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன்.”

அக்கா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் மூன்று பெட்டிகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“ஏ.சி. எங்க இருக்கு?”

“அந்தா, மேல.”

“இந்த மூணு பெட்டியும் நனையலையா?”

நாகராஜ் அண்ணாந்து ஏ.சி.யைப் பார்த்தார்.

“நல்ல பழக்கமுள்ள தண்ணி சார்” என்றேன் நான். “மூணு பேரையும் தொந்தரவு பண்ணாம ஒதுங்கிப் போயி நாலாவது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கு.”

அப்போது ட்ரோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். ட்ரோன் ஓட்டும் முகேஷ் இவன்தான் என்று நாகராஜ் அறிமுகப்படுத்தினார். நரிக்குடிக் கண்மாயைப் படம் பிடித்ததும் இவன்தான்.

“அன்னைக்கு என்ன தம்பி பாத்த?” என்றார் அக்கா.

“ஒண்ணும் இல்லங்க. வெறும் கம்மாய், கருவேல மரம், ஆடு.” பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் வெளியே போனான். தூங்கிப் பல நாளானவன்போல் கண் சிவந்திருந்தது.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

“யாரோ தண்ணியக் கொண்டாந்து ஊத்தியிருக்காங்கக்கா. யாரா இருக்கும்? மண்ணு அள்ளுன கும்பலா?”

“யாருங்கிறது அப்புறம். நாலுல ஒண்ணை ஏன் தேர்ந்தெடுத்தான்? அதுவும் குனிஞ்சு ஊத்த வேண்டிய அடிப்பெட்டிய? திருச்சுழிக்கு விடு. அந்த முருகலட்சுமி வீடு அங்கதான்.”

திருச்சுழி வரைக்கும் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம்தான். வழியில் வற்றிக் கிடந்த கண்மாய் ஒன்றைக் கடக்கும்போது அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

முருகலட்சுமிக்கு முப்பது வயதிருக்கும். வேலை போன கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் கோபம் கொஞ்சம் தணிந்தது. மாரீஸ்வரி இறந்த செய்தி அவளுக்கும் தெரிந்திருந்தது.

“ஏ.சி. தண்ணின்னு சொன்னாரா? அந்தப் பைப்பை நானே நின்னு மாத்த வெச்சேன்க்கா.”

“இந்தத் துண்டு போடுற கதையைக் கொஞ்சம் சொல்லும்மா. பாண்டிக்குப் புரியுற மாதிரி சொன்னா எனக்கும் புரிஞ்சிரும்.”

“கல்யாணப் பந்தியில ஒருத்தரே பரிமாறுனா எப்ப முடியும்? நாலு பேரு எறங்குனா வேகமா முடியும்ல? அதுதான். வீடியோவோட முதல் துண்டு ஒண்ணாவது பெட்டிக்கு, அடுத்த துண்டு ரெண்டாவதுக்கு, அப்புறம் மூணு, நாலு. அஞ்சாவது துண்டு மறுபடி ஒண்ணாவதுக்கு. படிக்கிறப்ப நாலு பெட்டியும் சேர்ந்து குடுக்கும். எங்க வீடியோ பெருசுங்கிறதால துண்டையும் பெருசாத்தான் வெச்சேன். ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு நிமிசப் படம்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நாலாவது பெட்டி போனா, நாலு நிமிசத்துல ஒரு நிமிசந்தானே போகும்?”

“ஆமா. ஆனா சும்மா தொறந்தா வராது. இல்லாத துண்டுக்காகக் காத்துக்கிட்டே நின்னுரும். அதைத் தாண்டிப் போன்னு சொல்லிப் படிக்கணும். அதைச் செய்யிறதுக்குள்ளதான் என்னைய வெளிய அனுப்பிட்டாரே.”

“பாண்டி, கேட்டியா? மேனேஜரு பாதி உண்மைதான் சொல்லியிருக்காரு.”

“பாதி இல்லக்கா, முக்கால் பொய்” என்றேன்.

முருகலட்சுமி லேப்டாப்பைத் திறந்தாள். ஆளை வெளியே அனுப்பியவர்களுக்கு அவள் பாஸ்வேர்டை நிறுத்தத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

“நரிக்குடி வீடியோ அதோட ஃபோல்டர்ல இல்ல. டெஸ்ட் ஃபோல்டர்ல கெடக்கு. அந்தப் பொண்ணு செத்துக் கெடைச்ச மறுநாள் யாரோ நகத்தியிருக்காங்க. ட்ரோன் ஓட்டுற பைலட்டுக எல்லாருக்கும் பொதுவான லாகின்ல.”

“டெஸ்ட் ஃபோல்டர்னா?”

“நாலாவது பெட்டி புதுசா வந்தப்ப, அதை மட்டும் சோதிச்சுப் பாக்க ஒரு ஃபோல்டர் போட்டேன். அதுக்கு விதியே வேற. அதுல எழுதுற ஃபைல வெட்ட மாட்டோம். முழுசா நாலாவது பெட்டிக்கே போகும். பைலட்டுகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன், இதுல போட்டா நாலாவதுலதான் இருக்கும்னு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கசப்பாகச் சிரித்தாள். “ஐயோ. அதை நம்பிட்டான் போல.”

“என்னத்தை நம்பினான்?”

“இதுல நகத்துனா வீடியோ முழுசும் நாலாவது பெட்டிக்கு வந்துரும்னு நெனைச்சிருக்கான். வராதுக்கா. விதி புதுசா எழுதுற ஃபைலுக்குத்தான். காப்பி எடுத்துப் போட்டிருந்தா வந்திருக்கும். நகத்துறப்ப பேரு மட்டுந்தான் மாறும். துண்டெல்லாம் எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கும்.”

“வீட்டுக்காரன் பலகையைக் கழட்டி அடுத்த தெருவுல மாட்டுனா வீடு கூடவே நடந்து வராது, அப்படித்தானே?” என்றேன்.

“அதேதான். இந்தா பாருங்க, துண்டுக இப்பவும் நாலு பெட்டியிலயும் இருக்கு.”

“நேரா அழிச்சிருக்கலாமேம்மா?” என்றார் அக்கா.

“அழிச்சா மேனேஜருக்கு மெயில் போயிரும். நகத்துனா போகாது. பெட்டி கெட்டுப்போச்சுன்னா விபத்து மாதிரி இருக்கும்.”

அக்கா எழுந்துகொண்டார். “அப்ப ஊத்துனது நீ இல்ல. உனக்கு இது தெரியும். பாதி தெரிஞ்ச ஆளுதான் செஞ்சிருக்கான். கெளம்பு, எங்ககூட வா.”

சாயங்காலத்துக்குள் மறுபடி அந்தக் குளிர் அறைக்கு வந்துவிட்டோம். நாகராஜ் முதலில் குதித்தார். மேல் மூன்று பெட்டிகள் நனையாத விஷயத்தைச் சர்வே வேலை கொடுத்தவர்களிடம் யார் விளக்குவது என்று அக்கா கேட்டதும் அடங்கினார். முருகலட்சுமி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். முகேஷ் ட்ரோன் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா அவனைப் பார்க்காமல், நாகராஜிடம்தான் சொன்னார்.

“நல்ல சேதி சார். நரிக்குடி வீடியோ முக்கால்வாசி பத்திரமா இருக்கு. மூணு பெட்டியிலயும்.”

“அப்படியா!” நாகராஜ் முகம் மலர்ந்தது. “அப்ப மத்த கம்மாய் வீடியோவும் வந்துரும்ல?”

“நரிக்குடி வீடியோ இருக்காதுங்க” என்றான் முகேஷ். கையில் பேட்டரி அப்படியே இருந்தது. “டெஸ்ட் ஃபோல்டர்ல இருக்கிறது பூரா நாலாவது பெட்டியிலதான... அது எப்படி...”

சொல்லி முடிக்கவில்லை.

“டெஸ்ட் ஃபோல்டரா? அது என்ன?” என்றார் நாகராஜ்.

“பாருங்க, மேனேஜருக்கே தெரியல” என்றார் அக்கா. “நரிக்குடி வீடியோ அங்க இருக்குன்னு இந்த ரூம்ல யாருமே சொல்லலையே தம்பி.”

முகேஷ் பேட்டரியைக் கீழே வைத்தான். ஓடுவான் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவன் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“போடாதீக” என்றான். “தயவுசெஞ்சு அதைப் போடாதீக.”

“மண்ணு அள்ளுனவங்க உனக்கு என்னடா குடுத்தாங்க?” என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அதற்குள் படம் திரையில் வந்தது.

காய்ந்த கண்மாய். நடுவில் செம்மண் பள்ளம், அதில் கலங்கிய தண்ணீர். ஓரத்தில் ஆடுகள் மேய்ந்தன. மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் பள்ளத்தின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தாள். கீழே சகதியில் ஓர் ஆட்டுக்குட்டி மாட்டிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். குட்டியைப் பிடித்து மேலே தள்ளினாள். மண் சரிந்தது. மறுபடி தள்ளினாள். குட்டி தொற்றி ஏறி ஓடிவிட்டது. அவளால் ஏற முடியவில்லை. பிடித்த இடமெல்லாம் மண் கையோடு வந்தது. தண்ணீர் மார்பு வரைக்கும், பிறகு கழுத்து வரைக்கும் வந்தது. அப்போது அவள் அண்ணாந்து எங்களைப் பார்த்தாள். ட்ரோனைத்தான் பார்த்தாள், ஆனால் எங்களைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

படம் மெல்லக் கீழே இறங்கியது. பிறகு இடதும் வலதுமாக இரண்டு தடவை சாய்ந்து நிமிர்ந்தது.

அதோடு திரை கறுத்துவிட்டது. நாலாவது பெட்டியில் போன நிமிடம் அது. மறுபடி படம் வந்தபோது ட்ரோன் கரையைத் தாண்டிப் பனைமரங்களுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

“எதுக்குடா சாஞ்சுச்சு? காத்தா?” என்றேன்.

முகேஷ் தரையைப் பார்த்தபடி பேசினான். “ட்ரோனைப் பாத்தா எல்லாரும் கை ஆட்டுவாகண்ணே. களை எடுக்கிறவுக, ஆடு மேய்க்கிறவுக, பள்ளிக்கூடத்துப் புள்ளைக, எல்லாரும். பதிலுக்கு நாங்க ட்ரோனைச் சாச்சுக் காட்டுவோம். அவுக சிரிப்பாக. அன்னைக்குக் கரைக்கு அந்தப் பக்கம் நின்னு ஓட்டுனேன். வெயில்ல அந்தச் சின்னத் திரையில ஒண்ணும் தெளிவா தெரியாது. தண்ணியில குளிக்கிற புள்ள கை ஆட்டுதுன்னு நெனைச்சேன். எறங்கி... பதில் சொல்லிட்டு... போயிட்டேன்.”

நாகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மறுநாள் சேதி கேட்டுட்டுப் பெரிய திரையில போட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் இது இந்த ஒலகத்துல இருக்கக் கூடாதுன்னு ஆயிப்போச்சு. யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்கலண்ணே.”

அவனைத் திட்டியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டாமல் இருக்கவும் முடியாது என்று தோன்றியது. கூப்பிட்டால் ஓடிப் போகிற தூரத்தில்தான் அவன் நின்றிருக்கிறான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “நீ அழிச்சுட்டா, அந்தத் தாய் கடைசி வரைக்கும் தன்னாலதான் மக செத்தான்னு நெனைச்சுக்கிட்டுச் சாவா. அது தெரியுமா உனக்கு?”

அவன் தலையைத் தூக்கினான். அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நானே வந்து சொல்றேன்” என்றான்.

சந்தனம்மாள் வீட்டுக்குப் போகும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வீடியோவைக் காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தையும் சகதியையும் குட்டியையும் ஒன்றொன்றாகச் சொன்னார். குட்டி என்றதும் சந்தனம்மாள் பட்டிப் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு அது மேலெல்லாம் சகதியா வந்துச்சு. நாந்தான் கழுவிவிட்டேன். எப்படி ஆச்சுன்னு யோசிக்கலையே நானு.”

மீதியை முகேஷ் சொன்னான். கை ஆட்டியதையும் சொன்னான், ட்ரோனைச் சாய்த்ததையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை.

சந்தனம்மாள் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். “பாத்தேல்ல? நீ பாத்தேல்ல? எறங்கி ஓடியாந்திருக்கலாம்லடா!” உலுக்கினாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் விலக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். கை ஓய்ந்ததும் அவளே விட்டுவிட்டாள். மண்ணில் உட்கார்ந்தாள். முகேஷும் அங்கேயே உட்கார்ந்தான்.

பிறகு அவள் அவனிடம் கேட்டாள்.

“ரெண்டு கையையுமா ஆட்டுனா?”

“ஆமாம்மா. ரெண்டு கையையும்.”

“நல்லா வேகமாவா?”

“நல்லா வேகமா.”

சந்தனம்மாள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாகணும்னு போனவ கையை ஆட்ட மாட்டால்ல தாயி?”

“மாட்டா” என்றார் அக்கா. “உங்க மக பொழைக்கணும்னுதான் ஆட்டியிருக்கா. வீட்டுக்கு வரணும்னு.”

“வீட்டுக்கு வரணும்னு” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “நான் அப்படி ஏசியும், எம்புள்ள வீட்டுக்கு வரணும்னுதான் நெனைச்சிருக்கா.”

பிறகு மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.